உறைமண்

பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி மண்ணுக்கும் உறை ஊற்றலாம் என்று கண்டுபிடித்தவர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தாலுகாவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. உறைமண் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. நல்ல நிலம் ஒன்றில் ஒரு கூடை மண் எடுத்து, அதிலிருக்கிற நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து, வேகமாகப் பரவுகிற குணத்தையும் அவற்றுக்குள் புகுத்தி, சோர்ந்துபோன நிலத்தில் தெளித்துவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போதும். சத்து, உப்பு, சுண்ணாம்பு, ஈரம் பிடிக்கிற குணம் எல்லாம் அந்தக் கூடை மண்ணின் வழிக்கு வந்துவிடும். அந்தக் கூடை மண்ணுக்குத் தாய் மண் என்று பெயர்.

உரத்தைக் கொட்டிக் கொட்டி மண்ணைச் சாகடித்து வைத்திருந்த ஊர்களெல்லாம் இப்போது மண் நிலையத்தின் வாசலில் வரிசையாக நின்றன. எந்த நிலத்துக்கு எந்தத் தாய் மண் என்று முடிவு செய்கிற அதிகாரம் ஒரே ஒரு ஆளிடம் இருந்தது. அவள் பெயர் செண்பகம். மழை வளமும் நல்ல குவார்ட்டர்ஸும் உள்ள ஊர்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, இந்தக் காய்ந்த கரிசல் தாலுகாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மண்மீது அத்தனை பாசம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பாசமாவது ஒன்றாவது.

செண்பகம் சிறு பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அம்மா உச்சிமாளிக்குக் கல்லூரணிப்பட்டியில் மூன்று ஏக்கர் புஞ்சை இருந்தது. அப்பா இல்லை. அந்த ஊரில் பெரிய கை ஜெயவீரன். காற்றாலை நிறுத்துகிறவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுப்பதாகப் பேசியிருந்தார். அந்த ராட்சத இறக்கைகளைக் கொண்டுவரப் பாதை வேண்டும். பாதை உச்சிமாளியின் புஞ்சை வழியாகத்தான் போக வேண்டும். கேட்டார், மாட்டேன் என்றாள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தால் புஞ்சை முழுக்க டேங்கர் லாரியின் சக்கரத் தடம். உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை அவள் நிலத்தில் பாய்ச்சிவிட்டுப் போயிருந்தார்கள்.

உச்சிமாளி கம்பு விதைத்துப் பார்த்தாள், வரவில்லை. பருத்தி போட்டாள், முளைத்துக் கருகியது. உப்பு மண்ணில் மட்டும் வளர்கிற உமரிச் செடிதான் சிவப்புச் சிவப்பாகப் படர்ந்தது. தினமும் காலையில் போய் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். "இன்னும் கரிக்குது" என்பாள். கடைசியில் அந்த ஜெயவீரனுக்கே நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்த் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். அந்த மருந்து அவளுடைய நெஞ்சைத் தின்றது. செண்பகம் கல்லூரியில் மண்ணியல் எடுத்த வருஷம் அம்மா இருமி இருமிச் செத்துப்போனாள்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் நிற்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும், எனக்கு அவ்வளவு பொறுமையில்லை என்று செண்பகம் நினைத்துக்கொண்டாள்.

ஜெயவீரன் உறைமண் கேட்டு அலுவலகத்துக்கு வந்தபோது அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தலை நரைத்திருந்தது, வலது கை லேசாக நடுங்கியது. அறுபது ஏக்கர் மானாவாரிக் கரிசல், இரண்டு வருஷமாகப் போட்ட முதல்கூட வரவில்லை என்றார். மகன்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு விற்கச் சொல்லுகிறார்களாம். அந்த மண்ணை விட்டால் தனக்கு வேறு பெயரில்லை, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பதே அந்த அறுபது ஏக்கருக்காகத்தான் என்று தானே சொன்னார். செண்பகம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எதை எடுத்தால் இந்த ஆளுக்கு வலிக்கும் என்பதை அவள் தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரமே மண் எடுக்கப் போனாள். ஜெயவீரன் குடையோடு கூடவே நடந்தார். அவருடைய நிலம் சரிவில் இருந்தது. அங்கே பெய்கிற தண்ணீர் மேற்கே ஓடைக்குப் போகும், ஊர்க் கண்மாய்க்கு வராது. செண்பகம் அதைக் கவனித்து மனதில் குறித்துக்கொண்டாள். ஊரில் மற்றவர்கள்மீது அவளுக்கு வழக்கில்லை. நடந்து நடந்து, வெள்ளை பூத்துக் கிடந்த ஒரு துண்டு நிலத்தின் பக்கம் வந்து நின்றாள். உமரி இன்னும் படர்ந்திருந்தது.

"இது யாரோடதுங்க?"

"நம்மளுதுதான். பாழு" என்றார் ஜெயவீரன். "முன்ன ஒரு பொம்பள வச்சிருந்தா. பாதைக்குக் கேட்டேன், முறுக்கிக்கிட்டா. நாலு லோடு உப்புத்தண்ணி விட்டேன். தானா வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா."

தன் சாமர்த்தியத்தைச் சொல்லுகிற குரல்தான் அது. அதில் ஒளிவுமில்லை, மறைவுமில்லை.

"பாதை போட்டீங்களா?"

"எங்க? காத்தாடிக்காரன் வேற ஊர்ப் பக்கம் போயிட்டான்."

"அந்தப் பொம்பள என்ன ஆனாங்க?"

"யாருக்குத் தெரியும். பிழைக்கத் தெரியாதவ."

செண்பகத்துக்கு அதற்கு முன்பு கொஞ்சம் தயக்கம் இருந்திருந்தால் அது அந்த இடத்தில் செத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பாழிலும் கொஞ்சம் மண் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வரப்போரத்தையும் மர நிழலையும் விட்டுத் தள்ளி, நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, மண்வெட்டியால் ஆப்பு மாதிரி குழி வெட்டி, அதன் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை சீவி எடுத்தாள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி தள்ளினாள். படித்த படிப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசியில் மிஞ்சிய மண்ணைப் பைக்குள் போடும்போது ஜெயவீரனே குனிந்து பையின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். பெரிய மனிதர், உதவி செய்கிற குணம்.

அவர் காருக்குப் போனதும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். இன்னும் கரித்தது. அப்போது பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள், "உச்சிமாளி மகதான நீ?"

பேச்சித்தாய் சித்தி. அம்மாவின் சிநேகிதி. பருத்தி கருகிய வருஷம் ஜெயவீரனுக்குப் பயந்து ஊரே பேச்சை நிறுத்திய பிறகும், சருவத்தில் கஞ்சி ஊற்றி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து கொடுத்தவள் அவள் ஒருத்திதான். செண்பகம் உதட்டில் விரலை வைத்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பேச்சித்தாய் சிரித்தாள். "சொல்லல தாயி. மண்ணத் தின்னுற ஆபீசர் உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப" என்று கேலி செய்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டுக் கொல்லையிலிருந்த கத்தரியையும் அவரைப் பந்தலையும் காட்டினாள். கண்மாய்ப் பாசனத்தில் கடைசி மடைக்கு அருகே அரை ஏக்கர் நஞ்சை வைத்திருந்தாள். புருஷனும் பிள்ளையும் போன பிறகு அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அதுதான்.

தொட்டியில் உறை வளர்க்கிறவர் ஞானப்பிரகாசம். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் அவளுடைய மேசைக்கு வந்தார்.

"மேடம், பை மாறிப்போச்சு போல. தாய் மண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இது சுத்தக் களர், உப்பேறிச் செத்த மண்ணு."

"மாறல. அதுதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "கரிசலுக்கு அடியில எப்பவும் உப்பு கெடக்குது மேடம். நல்ல மண்ணுல உள்ள உயிரு அத மேல வரவிடாம வச்சிருக்கும். இந்தக் களர்ல பொழைச்சுக் கெடக்கிற உயிருக்கு உப்புதான் சோறு. அதுக்குப் பரவுற குணத்தையும் குடுத்து விட்டோம்னா, அடியில உள்ள உப்பையெல்லாம் மேல இழுத்துட்டு வந்துரும். அப்புறம் மருந்து கெடையாது. தயிர மறுபடி பாலாக்க முடியுமா?"

"பக்கத்து நிலத்துக்குப் போகுமா?"

"காஞ்ச வரப்பத் தாண்டாது. தண்ணியிலயோ கையிலயோ ஏறிப் போனாத்தான் உண்டு. ஆனா ஈரமும் வண்டலும் கெடைச்சா ஒரு கைப்பிடி போதும், எத்தனை பெரிய எடமானாலும் பிடிச்சுக்கிரும்."

தண்ணீர் ஓடைக்குத்தான் போகிறது, ஓடைக்குக் கீழே வெறும் பாறைதான் என்று செண்பகம் சொன்னாள். பிறகு அம்மாவின் கதையைச் சொன்னாள். முதல் தடவையாக வேறொருவரிடம் சொல்கிறாள், குரல் கொஞ்சம்கூட உடையவில்லை. ஒருவனைப் பழிவாங்க ஊருக்குச் சோறு போடுகிற மண்ணைக் கொல்வதா என்று ஞானப்பிரகாசம் கேட்டார். அவன் கொன்றபோது இதை யாரும் அவனிடம் கேட்கவில்லையே என்றாள். அவர் எழுந்து போனார். அந்த வாரம் தொட்டிகளில் ஒன்றில் களர் உறை வளர்ந்தது. தான் எதையும் பார்க்கவில்லை என்று மட்டும் ஞானப்பிரகாசம் சொல்லிவைத்தார்.

புரட்டாசியில் முதல் தூறலுக்கு முன்னால் ஜெயவீரனின் அறுபது ஏக்கருக்கும் தெளித்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. இந்த வருஷம் ஜெயவீரன் புஞ்சையில் பருத்தி மூட்டை மூட்டையாக வெடிக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பேச்சித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு கை உறை கொடு தாயி, கத்தரிக்குப் போடணும் என்று கேட்டாள்.

"வேண்டாம் சித்தி."

"ஒரு கைப்பிடிதான கேக்கேன்."

"சர்க்கார் பொருள். குடுக்கக் கூடாது" என்றாள் செண்பகம். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? பேச்சித்தாய் முகம் சுருங்கிப்போனாள். கஞ்சி ஊற்றிய கைக்கு ஒரு கை மண் கொடுக்க மனமில்லையே என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும், அவளைக் காப்பாற்றத்தானே இந்தப் பொய் என்று செண்பகம் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. கண்மாய் கரை தொட்டு நிறைந்தது. ஜெயவீரனின் புஞ்சையில் பருத்தி சாண் உயரம் வந்து, இலை ஓரம் கருகி, அப்படியே நின்றுவிட்டது. கார்த்திகைப் பனியில் பார்த்தால் மண்மேல் மெல்லிசாக வெள்ளை பூத்திருந்தது. உறைமண்ணை யாரும் குறை சொல்லவில்லை, உச்சிமாளி பாவம் சும்மா விடுமா என்று ஊரில் பழைய ஆட்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு செண்பகத்தின் காதுக்கும் எட்டியது. அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள். அதை ஏன் பூசி மெழுக வேண்டும்? வயிறு குளிர்ந்தது. அம்மா செத்த பிறகு முதல் தடவையாக இரண்டு தட்டு சோறு தின்றாள்.

கண்மாய் நிறைந்தால் மடை திறப்பது அந்த ஊரில் திருவிழா. மண் ஆபீஸ் அம்மா வந்து நிற்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அழைத்திருந்தார்கள். அவளும் போனாள். ஊருக்காக அல்ல, அந்த வெள்ளைப் புஞ்சையைக் கண்ணாரப் பார்ப்பதற்காக. கண்மாய்க் கரையில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் கோபமெல்லாம் மறந்து ஓடிவந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஒரு சங்கதி சொல்லுதேன், வையக் கூடாது" என்றாள். "நீ உறை தரமாட்டேன்னுட்டயா, நாங்களே எடுத்துக்கிட்டோம்."

"எதை?"

"நீ உறை தெளிச்ச மறுவாரம் அம்மன் கொடைக்கு முளைப்பாரி போட்டோம்லா. ஊருல அந்த வருசம் எந்தப் புஞ்சை நல்லா வெளையுமோ அங்கன இருந்துதான் மண்ணு எடுக்கணும், அதான முறை. உறை தெளிச்ச புஞ்சைய விட நல்ல மண்ணு எங்க இருக்கு? கருக்கல்ல போயி ஆளுக்கொரு கூடை அள்ளியாந்தோம். அவருக்குத் தெரியாது. பயிரு என்னமா வந்துச்சு தெரியுமா? பச்சைப் பசேல்னு. உங்கம்மா பேருக்கும் ஒரு ஓடு போட்டேன் தாயி. நானே தலையில தூக்கிட்டு வந்தேன்."

செண்பகத்துக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. அதற்கான பதிலும் அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்தவள்தானே. பத்து வயதுவரை ஒவ்வொரு கொடைக்கும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முளைப்பாரிக்குப் பின்னால் நடந்தவள்தானே. திட்டம் போட்டபோது ஓடையைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள், வரப்பைப் பார்த்தாள். இதை மட்டும் மறந்துபோனாள்.

"எங்க கரைச்சீங்க சித்தி?"

"வேற எங்க? கண்மாய்லதான்."

ஈரமும் வண்டலும். ஒரு கைப்பிடி போதும் என்றார் ஞானப்பிரகாசம். இவர்கள் கூடை கூடையாகக் கரைத்திருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அது கண்மாய் அடியில் கிடந்து பெருகியிருக்கிறது. இனி மடை திறந்தால் ஊரின் நஞ்சை முழுவதும், தலை மடையிலிருந்து பேச்சித்தாயின் கடைசி மடை வரைக்கும் உறை ஏறிவிடும். திறக்காவிட்டால் கண்மாயோடு போகும். ஒரு வருஷம் பயிர் போகும், நிலம் பிழைக்கும்.

மடையின் ஷட்டரை முதலில் திருகுகிற கை எப்போதும் ஜெயவீரனுடையது. அவர் இல்லாமல் திறக்க மாட்டார்கள், அவர் வேண்டாம் என்றால் யாரும் மீற மாட்டார்கள். அப்படியென்றால் ஊரைக் காப்பாற்ற அவள் போய்ச் சொல்ல வேண்டிய ஆளும் அவர்தான். உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் போய் நின்றிருப்பாள். ஆனாலும் போனாள்.

ஜெயவீரன் தன் புஞ்சை வரப்பில் உடைமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடை திறக்க வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஒரு கட்டி மண்ணை வைத்துக்கொண்டு விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தான் யாருடைய மகள் என்பதிலிருந்து தொடங்கி, பையின் வாயை அவர் பிரித்துப் பிடித்தது, தொட்டி, முளைப்பாரி, கண்மாய்வரை சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எம் புஞ்சை திரும்பாதா?"

"திரும்பாது."

"என்ன செஞ்சாலும்?"

"என்ன செஞ்சாலும். அது உங்களுக்கும் எனக்கும் உள்ள கணக்கு. ஊரு என்ன பண்ணுச்சு? மடையத் திறக்காதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

உண்மையிலேயே கும்பிட்டாள். உச்சிமாளி சாகும்வரை அந்த ஆளுக்கு நேராகக் கையெடுத்ததில்லை. ஜெயவீரன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்ணைக் கீழே போட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கண்மாயைப் பார்த்து நடந்தார். நடை தளர்ந்திருந்தது. செண்பகம் பின்னாலேயே போனாள். தான் அழித்த ஆளுக்காக முதல் தடவையாக அவளுக்கு இரக்கம் வந்தது. பரவாயில்லை, இந்த மனிதனுக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தாள்.

அவரைப் பார்த்ததும் கூட்டம் வழி விட்டது. மேளம் உச்சத்துக்குப் போனது. தலைப்பாகை கட்டிவிட்டார்கள். ஜெயவீரன் கண்மாயை ஒரு தடவை பார்த்தார். எதிரில் விரிந்து கிடந்த நஞ்சையை ஒரு தடவை பார்த்தார். கடைசியாகச் செண்பகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஷட்டரின் திருகைப் பிடித்துச் சுற்றினார். சுற்றும்போது அந்த வலது கை நடுங்கவில்லை.

அவள் கத்தினாள். பெண்கள் போட்ட குலவையில் அது யாருக்கும் கேட்கவில்லை. மதகுக்குக் கீழே கலங்கிய தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. பிள்ளைகள் வாய்க்கால் கரையோடு தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள். ஜெயவீரன் இறங்கி வந்து, அவள் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"எனக்கில்லாத மண்ணு இந்த ஊருல எவனுக்கு எதுக்கு? உங்கம்மா நிலத்தக் கெடுத்தவன் நான்தான், சரி. ஊரு நிலத்தக் கெடுத்தது யாருன்னு தை மாசம் கேப்பாக. நீயே பதில் சொல்லிக்கோ தாயி."

போய்விட்டார். ஊர்க்காரர்கள் வழி நெடுக அவரைக் கும்பிட்டார்கள்.

செண்பகம் கால் போன போக்கில் வாய்க்காலோடு நடந்தாள். தண்ணீர் அவளை முந்திக்கொண்டு போனது. கடைசி மடையில் பேச்சித்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு வயலுக்குள் நின்றிருந்தாள். வரப்பை வெட்டிவிட்டாள். அரை ஏக்கரிலும் தண்ணீர் பரவி, கருப்பு மண் ஊறி, வாசம் வந்தது. அவள் குனிந்து ஒரு கை ஈர மண்ணை அள்ளி, வரப்பில் நின்றவளுக்கு நேராக நீட்டினாள்.

"உங்கம்மா மாதிரி நாக்குல வச்சுப் பாரு தாயி. எம் மண்ணு எப்பிடி இருக்குன்னு நீ சொல்லு, நான் நம்புதேன்."

செண்பகம் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கரிக்கவில்லை. உப்பின் சுவடே இல்லை. அந்தத் தாலுகாவில் அவள் ருசித்த மண்ணிலேயே அதுதான் நல்ல மண்.

"நல்லா இருக்கு சித்தி" என்றாள்.

அன்றைக்கு அது உண்மைதான்.